கோழியோடு விசாரணைக்குப் போனேன்

சென்ற மாதம் ஒரு தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். போன இடத்தில் சுவரில் ஒரு பெரிய அட்டை. விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் அலட்சியமே என்று மூன்று மொழியில் எழுதி, கீழே தலையில் கட்டுப் போட்ட ஆள் ஒருவன் அசட்டுச் சிரிப்புச் சிரிக்கிற படம். எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம்! வணக்கம் சொல்வதற்கு முன்பே, "இதை எழுதினவரு என்னைக்காவது மெஷின் முன்னால நின்னிருக்காரா?" என்று கேட்டுவிட்டேன். பாதுகாப்பு அதிகாரி ஒரு சின்னப் பெண். "அம்மா, இது ஹெட் ஆபீசுலேருந்து வந்தது லா" என்று நெளிந்தாள்.

அந்தக் கோபத்தில் நான் பேசியது பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. பிறகு அந்தப் பெண்ணே வீட்டுக்கு வந்து, "அதை எழுதிக் கொடுங்கம்மா, படிச்சுக் காட்டுறேன்" என்றாள். எழுதுகிறேன். என் மேல் உள்ள தப்பையும் சேர்த்தே எழுதுகிறேன். ஆனால் அலட்சியம் என்ற சொல்லை மட்டும் யாரும் என் முன்னால் எடுக்கக் கூடாது.

என் பெயர் சரசு. செமோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்வெட்டுக்காரர் மகள், ஐந்து பிள்ளைகளில் மூத்தவள். எழுபதுகளின் நடுவில் ஈப்போ ஓரத்தில் இருந்த ஒரு ரப்பர் சாமான் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனேன். அப்பாவுக்குக் காலில் ஆறாத புண், பால்மரம் வெட்டப் போக முடியவில்லை. வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவந்தவள் நான் ஒருத்தி. வேலை பழகிய கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வாரம் பக்கத்தில் நின்று பார்த்தேன், மறு வாரம் பிரஸ்ஸை என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

செருப்புக்கு அடிப்பாகம், மோட்டார் சைக்கிள் கால்மிதி, குழாய்க்கு வைக்கிற வளையம் எல்லாம் செய்வோம். பிரஸ்ஸில் இருக்கிற சூடான இரும்பு அச்சுக்குள் ரப்பர் துண்டை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். ரப்பர் ஒட்டாமல் இருக்க வெள்ளை மாவு தூவுவோம். ஒவ்வொரு முறையும் அச்சில் தங்குகிற பிசிறையும் மாவையும் காற்றடித்து ஊதித் தள்ளினால்தான் அடுத்த துண்டை வைக்கலாம். பின்கட்டில் ஒரு பெரிய கம்ப்ரசர் நாள் முழுக்க இரைந்துகொண்டிருக்கும். அங்கிருந்து வருகிற ரப்பர் குழாயின் முனையில் முழங்கை நீளத்துக்கு ஒரு செப்புக் குழல். குழலுக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு திருகு. திருகைத் திறந்தால் காற்று வரும். மறு கையால் திருகி மூடுகிறவரை வந்துகொண்டே இருக்கும். அடுப்பூதுகிற குழலின் பெயரையே அதற்கும் வைத்து ஊதுகுழல் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்த ஊதுகுழலுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஷிப்டு முடிகிற நேரத்தில் நாங்கள் அறுபது பேரும் தலை முதல் கால் வரை மாவாக இருப்போம். கை கால் கழுவ இருந்தது ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். வெளியே பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பான். மாவோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள், பையன்கள் "இட்லி மூட்டை வருது" என்பார்கள். அதனால் இரண்டிரண்டு பேராக நின்று ஒருத்திக்கு ஒருத்தி தலையிலும் முதுகிலும் பாவாடையிலும் காற்றடித்துவிடுவோம். காத்துக் குளியல் என்று பெயர். தீபாவளிக்கு முதல் நாள் அதிலேயே பாட்டும் கும்மாளமுமாக இருக்கும். மேலே இருந்தவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இன்னொரு தண்ணீர்க் குழாய் போடுவதைவிட இது சுலபம் என்று கண்டும் காணாமல் இருந்தார்கள்.

எங்கள் ஃபோர்மனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. தேவராஜ் என்று பெயர். தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணியின் மகன். எந்த வெயிலிலும் தேய்த்த வெள்ளைச் சட்டை, கைகள் எப்போதும் முதுகுக்குப் பின்னால். வந்து பின்னால் நிற்பார், பேச மாட்டார். முதுகில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும், திரும்பிப் பார்த்தால் அவர்தான். ஒரு செருப்பு அடியை எடுத்து ஓரத்தில் சுண்டுவிரலை ஓட்டினால் போதும், எந்தப் பிரஸ், எந்த அச்சுக் குழியிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார். வேலை தெரிந்த மனிதர், அதை நான் மறுக்கவில்லை. அவர் யாரையும் சத்தம் போட்டுத் திட்டி நான் கேட்டதில்லை. நாம் என்ன காரணம் சொன்னாலும் தலையைச் சாய்த்து, "அப்படியாம்மா?" என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு நாலு அறை வாங்கிக்கொண்டு போகலாம்.

என் பிரஸ்ஸுக்கு அடுத்த பிரஸ்ஸில் பாக்கியம். என்னைவிட நாலு வயது மூத்தவள் என்றாலும் வாடி போடிதான். புருஷன் லோரி விபத்தில் போய்விட்டான், இரண்டு பெண் பிள்ளைகள். வாய் என்றால் வாய், காது கிழிந்துவிடும். பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பாள், பாதி நாள் எனக்கும் சேர்த்துச் சோறு கட்டி வருவாள்.

விபத்து நடந்த அன்றைக்குப் பிசிறு வெட்டுகிற கத்தி பட்டு அவளுடைய வலது உள்ளங்கையில் ஒரு கீறல். சின்னக் கீறல்தான், துணியைச் சுற்றிக்கொண்டு ஷிப்டு முழுக்க வேலை செய்தாள். முடிந்ததும் மற்றவர்கள் எல்லாம் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேர்தான் பாக்கி. நான் அவள் முதுகை ஊதினேன், தோளை ஊதினேன். அவள் கைத்துணியை அவிழ்த்து உள்ளங்கையை நீட்டி, "இதுல அப்பியிருக்கிறதையும் அடிச்சு விடுடி, சீக்கிரம், பஸ்காரன் கத்துறான்" என்றாள். குழலைக் கிட்டே கொண்டுபோனேன். முனை உள்ளங்கையில் பட்டது. ஒரு கண்சிமிட்டல், அவ்வளவுதான்.

"ஐயோ, என்னமோ உள்ள ஓடுதுடி!" என்று அலறினாள். என் கண் முன்னாலேயே அந்தக் கை பூரி மாதிரி உப்பியது. மணிக்கட்டைத் தாண்டி முழங்கைவரை ஏறியது. காற்றை மூடலாம் என்றால் திருகில் மாவு புகுந்து இறுகிக் கிடந்தது. ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என்ன செய்ய முடியும்? குழலைக் கீழே விட்டேன். அது தரையில் கிடந்து துள்ளி என் கணுக்காலில் ஓங்கி அடித்தது. பாக்கியத்தின் கையைத் தொட்டால் தோலுக்கு அடியில் நறநறவென்று சத்தம். அந்தச் சத்தம் இன்றும் என் விரல் நுனியில் இருக்கிறது.

ஃபோர்மன் வந்தார். கையைப் பார்த்தார், கம்பெனி வேனை எடுக்கச் சொன்னார். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "யாரும்மா புடிச்சிருந்தது?" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. பாக்கியம் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "யாரும் இல்லைங்க. இவ சத்தம் கேட்டு ஓடி வந்தா" என்றாள்.

"அப்படியாம்மா?" என்றார் ஃபோர்மன்.

ஆஸ்பத்திரியில் உள்ளங்கையைக் கிழித்துக் காற்றை வெளியேற்றினார்கள். காற்றோடு மாவும் ரப்பர்த் தூளும் உள்ளே போயிருந்ததால் சீழ் வைத்து மறுபடியும் கிழித்தார்கள். கை பிழைத்தது. ஆனால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கவில்லை.

இதற்கிடையில் ஃபோர்மன் ஒரு தாள் தயார் செய்துவிட்டார். வேலை நேரத்தில் காற்றை வைத்து விளையாடியதால் விபத்து என்று அதில் இருந்தது. குழலைப் பிடித்தவர் யார் என்று தெரிந்தால் அவளுக்குச் சீட்டுக் கிழியும். தெரியாவிட்டால் பாக்கியம் தனக்குத்தானே ஊதிக்கொண்டு விளையாடினாள் என்று எழுதி அவளை அனுப்பிவிடுவார்கள். அவள் குணமாகி வருகிற அன்று மேனேஜர் முன்னால் விசாரணை. அதுவரை அவகாசம்.

நான் பயந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான், ஆனாலும் சொல்கிறேன். வீட்டில் ஆறு வயிறு. ஆஸ்பத்திரிக்குப் போய் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் போய்ச் சொல்லிடறேண்டி" என்பேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "உன் இஷ்டம்" என்பாள். மறுநாள் காலை வேலைக்குப் போவேன், ஃபோர்மனைத் தாண்டிப் போவேன், சொல்ல மாட்டேன். இப்படியே நாள் ஓடியது.

சொல்லத்தான் துணிச்சல் இல்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. ஊதுகுழலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தச் சனியன் ஏன் கையை விட்டாலும் ஊதிக்கொண்டே இருக்கிறது? முனை அடைத்துக்கொண்டால் காற்று வேறு எங்கே போகும், உடம்புக்குள்தானே போகும்? பாக்கியம் செய்தது என்ன தப்பு, நான் செய்தது என்ன தப்பு? கை தவறாத மனுஷி உண்டா? கை தவறினாலும் கொல்லாத மாதிரி ஒரு சாமானைச் செய்தால் என்ன?

பின்கட்டில் கடைசல் பட்டறை. அங்கே இருந்தவர் ஆ லெக். செமோர்ச் சீனர், தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர், ஓட்டைத் தமிழ் நன்றாகப் பேசுவார். நாங்கள் லெக் அண்ணே என்போம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஊதுகுழலோடு போய் நின்றேன்.

"அண்ணே, கைய எடுத்தா காத்து தானா நிக்கணும். செய்யலாமா?"

"பொம்பளைக்கு இங்க என்ன வேலை? எண்ணெய், சேலையில ஒட்டும் லா" என்றார்.

"மாவே ஒட்டுது, எண்ணெய் ஒட்டினா என்ன? செய்யலாமா, முடியாதா?"

சிரித்துவிட்டார். மூலையில் கிடந்த பழைய மோட்டார் சைக்கிளின் பிரேக்கைக் காட்டி, "இந்த மாதிரியா? புடிச்சா வேலை, விட்டா திரும்பிடும்" என்றார். அங்கேதான் ஆரம்பித்தது.

பித்தளையில் ஒரு சின்ன உடம்பு கடைந்தார். உள்ளே ஒரு வாசல். வாசலை அடைக்கக் கூம்பு மாதிரி ஒரு கதவு. காற்று வருகிற பக்கத்திலேயே கதவை வைத்தோம், அப்போதுதான் காற்றே அதைத் தள்ளி மூடிக்கொள்ளும். கூடவே ஒரு ஸ்பிரிங். மேலே பெருவிரலால் அமுக்க ஒரு லீவர். லீவர் ஒரு ஊசியைத் தள்ளும், ஊசி கதவைத் திறக்கும். கொஞ்சம் அமுக்கினால் கொஞ்சம் காற்று, முழுக்க அமுக்கினால் முழுக் காற்று. விட்டால் டப்பென்று நிற்கும். முதல் தடவை அது நின்றபோது நான் கைதட்டினேன். லெக் அண்ணன், "இன்னும் முனை இருக்கு" என்றார்.

முனைதான் மண்டையை உடைத்தது. குழலின் நுனிக்குக் கொஞ்சம் முன்னால் பக்கவாட்டில் ஒரு ஓட்டை போட்டோம், நுனி அடைத்தால் காற்று அந்த வழியாகப் போகட்டும் என்று. ஒரு ஓட்டை போதவில்லை. மெல்லிய ரப்பர்த் தாளை நுனியில் வைத்து அழுத்தினால் இன்னும் கிழித்தது. ஓட்டையைப் பெரிதாக்கினோம், அச்சை ஊதப் பலம் இல்லாமல் போனது. நான்கு சின்ன ஓட்டைகளாகச் சுற்றிலும் போட்டோம், காற்று என் முகத்தில் அடித்துக் கண்ணில் மாவு. பிறகு லெக் அண்ணன் ஓட்டைகளை நுனியைப் பார்த்துச் சாய்வாகப் போட்டார், அப்போதுதான் தாளும் கிழியவில்லை, முகத்திலும் அடிக்கவில்லை. சாப்பாட்டு நேரம் அரை மணிதான். இரண்டு வாரம் நான் மத்தியானச் சோறு நின்றுகொண்டே தின்றேன்.

ஒருவழியாகச் செய்து முடித்து, நாலாம் பிரஸ்ஸில் இருந்த ராஜாமணி அக்காவிடம் கொடுத்து, "அக்கா, ரெண்டு நாள் இதை வச்சு வேலை பாத்துச் சொல்லுங்க" என்றேன். மறுநாள் காலை போய்ப் பார்க்கிறேன், லீவரைக் கீழே அமுக்கி, வெட்டிப் போட்ட பிசிறு ரப்பரால் இறுக்கிச் சுற்றிக் கட்டியிருக்கிறாள்! காற்று புஸ்ஸென்று நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. ரப்பர் தொழிற்சாலையில் கட்டுவதற்கு ரப்பருக்கா பஞ்சம்? எதையும் ரப்பரால் சுற்றிக் கட்டுவதுதான் எங்கள் ஆட்களின் பழக்கம். சோற்றுச் சட்டி, கத்திப் பிடி, அறுந்த செருப்பு, எல்லாம்.

"அடிப் பாவி அக்கா! ஒரு கை போனது பத்தாதா? இதுக்குத்தான் நான் நாக்குத் தள்ளிச் செஞ்சனா?" என்று கத்தினேன். என் வாயிலும் அன்று அந்தச் சொல் வந்தது. அலட்சியம் என்றேன்.

ராஜாமணி அக்கா தன் பெருவிரலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வீங்கிச் சிவந்து கிடந்தது. "நீ ரெண்டு தடவ அமுக்கிப் பாத்திட்டு நல்லா இருக்குன்னு குடுத்திட்ட. நான் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அமுக்கணும். உனக்கு வேணும்னா நீ அமுக்கு லா" என்றாள்.

அமுக்கினேன். அன்று முழுக்க என் பிரஸ்ஸில் அதை வைத்தே வேலை செய்தேன். சாயங்காலம் என்னால் சேலை முந்தானையைச் செருகக்கூட முடியவில்லை. மறுநாள் அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் கட்டியது தப்பில்லை, கட்ட வைத்தது என் லீவர்.

அந்த நேரம் பார்த்து முதுகில் ஊசி குத்தியது. திரும்பினால் ஃபோர்மன். என் கையிலிருந்து அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். லீவரை ஒரு தடவை அமுக்கினார். நுனியிலிருந்த ஓட்டைகளில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார்.

"கம்பெனிப் பித்தளை, கம்பெனி நேரம். யாரைக் கேட்டும்மா செஞ்ச?"

"சாப்பாட்டு நேரம்ங்க. அது என்னோடது."

"அப்படியாம்மா?" என்று சொல்லிவிட்டு அதைப் பையில் போட்டுக்கொண்டார். நாலு அடி நடந்தவர் நின்றார். திரும்பிப் பார்க்காமலே, "வாசல் இவ்வளவு அகலம் இருந்தா, காத்து கதவத் தள்ளுற பலமும் அவ்வளவு இருக்கும். அதோட மல்லுக்கட்டினா விரல் வீங்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதரை என்ன கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வேலையில் உள்ள குறையைக் கண்டால் அவரால் சொல்லாமல் இருக்க முடியாது. அதே மூச்சில் நம்மை வேலையைவிட்டும் தூக்கிவிடுவார்.

விசாரணைக்கு நாலு நாள்தான் இருந்தது. லெக் அண்ணன் ஒன்றும் கேட்காமல் வேறு ஒரு பித்தளைத் துண்டை எடுத்து மாட்டினார். வாசலைப் பாதியாகச் சுருக்கினோம், ஸ்பிரிங்கை மெலிதாக்கினோம், லீவரை நீட்டினோம். ராஜாமணி அக்காவைக் கூட்டி வந்து அமுக்கச் சொன்னேன். "ம், இது சரி. இதைக் கட்ட வேண்டாம்" என்றாள்.

விசாரணை அன்று விடிகாலையில் பசாருக்குப் போய், இறகு பிடுங்கிய கோழி ஒன்று வாங்கினேன். நாளிதழில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பஸ்ஸில் ஒருத்தி, "என்னடி, வேண்டுதலா?" என்றாள். ஆமாம் என்றேன்.

மேனேஜர் அறையில் மேனேஜர், ஃபோர்மன், பாக்கியம். மேனேஜர் சீனர், எங்களிடம் மலாயில் பேசுவார், நாங்கள் அவரை மரியாதையாகத் துவான் என்போம். பாக்கியம் வலது கையை முந்தானையில் மூடி உட்கார்ந்திருந்தாள். நான் கூப்பிடாமலே கதவைத் தட்டி உள்ளே போனேன்.

"இந்தப் பொண்ணு யாரு?" என்று மேனேஜர் கேட்டார்.

"பக்கத்து பிரஸ். சாட்சி" என்றார் ஃபோர்மன்.

நான் பையிலிருந்து கோழியை எடுத்து மேனேஜரின் மேசை மேல் வைத்தேன். அவர் நாற்காலியோடு பின்னுக்குப் போனார். "துவான், அஞ்சு நிமிஷம் வெளியே வாங்க. விபத்து எப்படி நடந்துச்சுன்னு இது சொல்லும்" என்றேன். ஏதோ பைத்தியம் என்று நினைத்திருப்பார். ஆனாலும் எழுந்து வந்தார்.

பட்டறை வாசலில் காற்றுக் குழாய் இருந்தது. லெக் அண்ணன் பழைய ஊதுகுழலை மாட்டிக் கொடுத்தார். கோழியின் மார்புத் தோலில் கத்தியால் ஒரு சின்னக் கீறல் போட்டேன், பாக்கியத்துக்கு இருந்த அளவுதான். குழல் முனையை அதில் வைத்துத் திருகைத் திறந்தேன். அவ்வளவுதான், தோல் சதையைவிட்டுக் கிளம்பி, மார்பு, தொடை, இறக்கை எல்லாம் உப்பிக் கோழி இரட்டிப்பானது. மேனேஜர் வாயைப் பொத்திக்கொண்டார். பாக்கியம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளைக் கேட்காமல் இதைச் செய்திருக்கக் கூடாது என்று அந்த நேரம்தான் எனக்கு உறைத்தது.

கோழியைப் பிதுக்கிக் காற்றை இறக்கிவிட்டு, புதிய கருவியை மாட்டி, மறுபக்கத்தில் அதே அளவு கீறி, அதே மாதிரி முனையை வைத்து லீவரை முழுக்க அமுக்கினேன். பக்கத்து ஓட்டைகள் வழியாகக் காற்று சீறியது. தோல் லேசாக நடுங்கியது, உப்பவில்லை. கையை விட்டேன், நின்றது. கருவியைக் கீழே போட்டேன், துள்ளாமல் கிடந்தது.

மேனேஜர் அதைக் குனிந்து எடுத்தார். ஊதிப் பார்த்தார், விட்டுப் பார்த்தார், மறுபடி ஊதினார். "எல்லாப் பிரஸ்ஸுக்கும் செய்ய எவ்வளவு நாள் ஆகும்?" என்று லெக் அண்ணனைக் கேட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை, ஜெயித்துவிட்டோம் என்று. அப்போது ஃபோர்மன் தலையைச் சாய்த்தார். "அதெல்லாம் நல்லதுதாம்மா. ஆனா அன்னைக்குப் புடிச்சிருந்தது யாரு?"

பாக்கியம் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வார்த்தை நான் பேசாமல் இருந்தால் போதும், கருவியும் ஜெயிக்கும், என் வேலையும் நிற்கும், அவள் மட்டும் வீட்டுக்குப் போவாள்.

"நான்தாங்க" என்றேன். மேனேஜருக்குப் புரியட்டும் என்று மலாயிலும் சொன்னேன். "என் கையிலதான் இருந்துச்சு. அவ கையில நான்தான் அடிச்சேன்."

முதலில் வாயைத் திறந்தவள் பாக்கியம். "இத்தன நாளா வாயில கொழுக்கட்டையாடி வச்சிருந்த?" என்று ஒரு போடு போட்டாள். "நீ எப்ப சொல்லுவ எப்ப சொல்லுவன்னு நான் ஒவ்வொரு ராத்திரியும் சுவத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். கோழி வாங்கப் போன நேரத்துக்கு வந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?" சொல்லிக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். எங்கள் தமிழை எப்போதும் மொழிபெயர்த்துச் சொல்கிற ஃபோர்மனை மேனேஜர் பார்த்தார். முதல் தடவையாக ஃபோர்மனுக்கு மொழிபெயர்க்கத் தெரியவில்லை.

ஃபோர்மன் தாளை நீட்டினார். "விளையாட்டுல நடந்துச்சுன்னு இருக்கு. ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போடும்மா. பாக்கியத்தை ஒண்ணும் செய்ய மாட்டோம்."

"போட மாட்டேன்" என்றேன். "நான் புடிச்சேன்னு எழுதுங்க, போடுறேன். விளையாட்டுன்னு எழுதினா போட மாட்டேன். அறுபது பொம்பளைக்கு ஒரு தண்ணிக் குழாய் குடுத்துட்டு, நாங்க காத்துல குளிச்சத விளையாட்டுன்னு சொல்லுவீங்களா? நீங்களும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க? அதையும் எழுதுங்க. வேலையவிட்டு நிறுத்துறதுன்னா நிறுத்துங்க. அந்தச் சொல்லுக்குக் கீழே என் பேரு வராது."

"அப்படியாம்மா?" என்றார்.

"ஆமாங்க, அப்படித்தான்."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நின்ற நிலையிலேயே அந்த ஒரு சொல்லை அடித்தார். தண்ணீர்க் குழாயைப் பற்றி எழுதவில்லை. ஆனால் விளையாட்டு போய்விட்டது. நான் கையெழுத்துப் போட்டேன்.

பாக்கியத்தையும் நிறுத்தவில்லை, என்னையும் வேலையைவிட்டு நிறுத்தவில்லை. தண்டனையாக என்னைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்துப் பட்டறையில் இரும்புத் தூள் கூட்டப் போட்டார்கள். பொம்பளை ஒருத்தி அந்த எண்ணெய்க்கும் சத்தத்துக்கும் நடுவில் ஒரு வாரம் தாங்க மாட்டாள் என்று நினைத்திருப்பார்கள். நான் இருபத்தெட்டு வருஷம் அங்கேயே இருந்தேன். துடைப்பத்தை வைத்துவிட்டுக் கடைசல் பிடித்தேன், பிறகு கருவிகள் செய்கிற மேசைக்கு நானே தலைமை. தண்டித்தவர்களுக்கு நன்றி என்றெல்லாம் சொல்ல மாட்டேன். எனக்குத் தண்டனை கொடுத்தார்கள், நான் அதை ஒரு வேலையாக்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

புதிய கருவிகள் எல்லாப் பிரஸ்ஸுக்கும் போன அன்று பாக்கியம் பட்டறைக்கு வந்தாள். தன்னுடையதை என் மேசையில் டொக்கென்று வைத்தாள். "ஊருக்கெல்லாம் செஞ்சிருக்க. எனக்கு எங்க?" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் வலது கையால் அதை எடுத்துக் காட்டினாள். மடங்காத இரண்டு விரல்கள் பிடியைப் பிடிக்க விடவில்லை, பெருவிரல் லீவருக்கு எட்டவில்லை. இடது கைக்கு மாற்றினாள். நான் பிடியை வலது கைக்கென்றே செதுக்கியிருந்தேன், இடது கையில் அது புரண்டது. அந்தக் கையால்தான் இந்தக் கருவியே வந்தது. அந்தக் கையை ஒரு தடவைகூட நான் அளந்து பார்க்கவில்லை. எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

லீவரை மேலிருந்து கீழே கொண்டுவந்தேன். பெருவிரலுக்குப் பதில் நான்கு விரலும் சேர்ந்து பிடித்தால் திறக்கிற மாதிரி, எந்தக் கைக்கும் சரிப்படுகிற மாதிரி நீளமாகச் செய்தேன். அவள் இடது கையை நூலால் அளந்து, பித்தளையில் வெட்டி, அரம் போட்டுத் தேய்த்தேன். பிற்காலத்தில் எல்லாப் பிரஸ்ஸுக்கும் அந்த மாதிரியைத்தான் போட்டோம். முதலாவது பாக்கியத்துடையது.

அதை வாங்கிக் காற்றுக் குழாயில் மாட்டினாள். அச்சை ஊதிப் பார்ப்பாள் என்று நின்றேன். அவள் வலது கையை விரித்தாள். உள்ளங்கையில் கிழித்துத் தைத்த தழும்பு மினுமினுவென்று இருந்தது. என் கண்ணையே பார்த்துக்கொண்டு கருவியின் முனையைச் சரியாக அந்தத் தழும்பின் மேல் வைத்து அழுத்தினாள்.

"அடியே, வேணாம்டி!" என்று கத்தினேன்.

நாலு விரலையும் சேர்த்து முழுக்க இறுக்கிப் பிடித்தாள். பக்கத்து ஓட்டைகளில் காற்று சீறி என் மேசையிலிருந்த பித்தளைத் தூளெல்லாம் பறந்தது. அவள் கை அசையவில்லை. நிதானமாகப் பிடியை விட்டாள். சத்தம் நின்றது.

"ம், இனி வேலைக்குப் போலாம்" என்று சொல்லிவிட்டுத் தன் பிரஸ்ஸுக்குப் போனாள்.